பொருளறிவும் தமிழறிவும்

(சிந்தாதிரிப்பேட்டையில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் மேடையில் வட்டிக் கணக்கைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். கவிதை பாடிய வட்டத்தில் வட்டி எங்ஙனம் நுழைந்தது என்று கவிஞர் ஒருவர் வினவவும் கூடும். வள்ளுவர் வகுத்த 133 அதிகாரங்களுள் 70 பொருட்பாலைச் சார்ந்தவை. அவற்றுள் பெரும்பகுதி அரசியலைப் பேசினும், வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வரவு சிறிதாயினும் கேடில்லை, செலவு பெருகாதிருந்தால் போதும் என்ற கருத்து தெளிவாக இடம்பெற்றுள்ளது. பொருளைக் கணக்கிட்டுக் காப்பது இலக்கியத்திற்குப் புறம்பான செய்தி என்று பழந்தமிழர் எண்ணியதில்லை.

இவ்வுரையின் கருத்து ஒன்றே. எளிய மக்கள் கைப்பொருளை இழக்கும் நிகழ்ச்சிகள் பலவற்றில் முதற்பிழை ஒரு சொல்லில் தொடங்குகிறது. புரியாத சொல், பாதியே சொல்லப்பட்ட சொல், படிக்காமலே ஒப்பமிட்ட சொல் என்று அது மூவகைப்படும். சொல்லைக் காப்பது புலவரின் கடனென்றால், பொருளறிவைப் பரப்புவதிலும் புலவருக்குப் பங்குண்டு.

பேட்டை பிறந்த கதை

விழா நடைபெறும் இச்சிந்தாதிரிப்பேட்டையே ஒரு பணக்கணக்கில் பிறந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஏற்றுமதித் துணி தேவைப்பட்டபோது, ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில், 1734-ஆம் ஆண்டில், கூவம் ஆற்றின் வளைவில் சுங்குராமர் என்னும் வணிகருக்குரியதாயிருந்த தோட்டத்தில் நெசவாளர் குடியிருப்பு ஒன்று அமைக்கப்பட்டது. சின்னத் தறிப்பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர்.

கம்பெனி வணிகத்தில் நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத் துணி பெறுவது வழக்கம். முன்பணம் என்பது கேட்பதற்கு இனிய சொல். நூல் வாங்கவும் நெய்து முடியும்வரை உண்ணவும் அது உதவியது. ஆனால் முன்பணம் பெற்றவர் தம் துணியை விருப்பமானவருக்கு விற்க இயலாது. கொடுத்தவர் குறித்த விலையே விலை. துணி குறைந்தால் மீதி அடுத்த ஆண்டுக் கடனாகும். கொடையைப் போலத் தோன்றிய ஒன்று கட்டாக மாறியது. கொடுப்பவர் கூறும் பெயர் வேறு, பெறுபவர் மேல் விழும் பொறுப்பு வேறு என்பதை இந்தப் பேட்டையின் பிறப்பே உணர்த்துகிறது.

கோவலனின் நம்பிக்கை

பொருளறிவு இன்மை கல்லாதாரின் குறை என்று கருதுவோர் உளர். சிலப்பதிகாரம் அக்கருத்தை மறுக்கிறது. கோவலன் பெருவணிகன் மாசாத்துவானின் மகன். வரவும் பற்றும் பேசும் வீட்டில் வளர்ந்தவன். அவனே குலம் தந்த செல்வத்தை இழந்து, கண்ணகியின் சிலம்பொன்றை விற்க மதுரை மறுகில் நடக்கிறான்.

அங்கே அவன் காணும் பொற்கொல்லன் தனியாக வரவில்லை. நூறு கைவினைஞர் பின்தொடர, அரச மதிப்புக்குரிய உடையணிந்து வருகிறான். அத்தோற்றத்தைக் கண்ட அளவில் இவன் பாண்டியனிடம் பெயர் பெற்றவனாதல் வேண்டும் என்று கோவலன் முடிவு செய்கிறான். வேறொருவரிடம் காட்டவில்லை, உடன் சான்றாக எவரையும் அழைக்கவில்லை. சிலம்பை அவன்முன் வைத்துவிடுகிறான். ஊழ்வினையைச் சொன்ன இளங்கோவடிகள், ஊழ் எந்த வாயில் வழியாக நுழைந்தது என்பதையும் காட்டியிருக்கிறார். தோற்றத்தின் மேல் வைத்த நம்பிக்கையே அந்த வாயில்.

1906: பெயரின் வீழ்ச்சி

அதே வாயில் சென்னையில் 1906-ஆம் ஆண்டு மீண்டும் திறந்தது. அக்காலச் சென்னையின் ஆங்கில வணிக நிறுவனங்களுள் பாரி, பின்னி, அர்பத்நாட் ஆகிய மூன்றும் தலையாயவை. அர்பத்நாட் நிறுவனம் வணிகத்தோடு பொதுமக்களின் வைப்புத் தொகைகளையும் பெற்று வந்தது. அதன் தலைவர் சர் பட்டம் பெற்றவர். அதன் பெயரே பிணை என்று மக்கள் எண்ணினர். அங்ஙனம் எண்ணியவர்களுள் ஓய்வூதியரும் வழக்கறிஞரும் அரசு அலுவலரும் இருந்தனர். எழுத்தறிவில் அவர்கள் எவருக்கும் குறைந்தவரல்லர். 1906 அக்டோபர் 22 அன்று நிறுவனம் கதவை மூடியது. இலண்டனில் அதனோடு இணைந்திருந்த நிறுவனத்தின் ஊகவணிக இழப்பு இந்நிறுவனத்தையும் விழுங்கியிருந்தது. ஆயிரக்கணக்கானோரின் வாழ்நாள் சேமிப்பு சிதைந்தது. அடுத்த ஆண்டில் அர்பத்நாட் துரைக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

பணம் செலுத்தியவர்களுள் எத்தனை பேர் நிறுவனத்தின் கணக்கைக் கேட்டிருப்பர்? பெற்ற பணம் எங்கே போகிறது, நட்டம் வந்தால் யார் பொறுப்பு என்று கேட்பது அக்காலத்தில் மரியாதைக் குறைவாகத் தோன்றியிருக்கும். மரியாதை கருதிக் கேட்காத கேள்விக்கு அவர்கள் தம் சேமிப்பையே விலையாகக் கொடுத்தனர்.

இவ்வீழ்ச்சியின்போது கடன் கொடுத்தோர் சார்பில் முன்னின்றவர் மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர். இந்நாட்டினர் நடத்தும் வங்கி ஒன்று வேண்டும் என்று முயன்று, நகரத்தார் பெருமக்களின் துணையோடு அவர் உருவாக்கியதே இந்தியன் வங்கி. அது 1907 மார்ச்சில் பதிவு பெற்று, அவ்வாண்டு ஆகஸ்ட் 15 அன்று பணியைத் தொடங்கியது. கவிஞர்கள் அவரை வேறொரு செயலால் அறிவர். அரசியலில் தம்மினும் மாறுபட்ட கருத்துடைய பாரதியாரின் தேசியப் பாடல்களைத் தம் செலவில் அச்சிட்டு மக்களுக்கு இலவசமாக வழங்கியவர் அவர். அதுவும் அதே 1907-ஆம் ஆண்டிலேயே நிகழ்ந்தது. பாட்டும் வங்கியும் ஒரே மனிதரின் ஒரே ஆண்டுப் பணிகளாக அமைந்தமை இவ்வவையினர் நினைவில் கொள்ளத்தக்கது.

கல்லில் எழுதிய வட்டி

பணக்கணக்கு தமிழுக்குப் புதியதன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இராசராசன் காலத்து அறக்கட்டளைகள் பல பொறிக்கப்பட்டுள்ளன. கோயிலுக்கு வந்த காசு ஊர்ச்சபைகளிடம் முதலாகக் கொடுக்கப்பட்டது. வட்டி, பொலிசை எனப் பெயர் பெற்றது. காசு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு பொலிசை என்பது அவற்றில் காணும் வீதம். இன்றைய கணக்கில் அது நூற்றுக்குப் பன்னிரண்டரை. முதல் எவ்வளவு, வீதம் எவ்வளவு, காலம் எது, செலுத்தும் பொறுப்பு யாருடையது என்னும் நான்கும் மக்கள் பேசிய மொழியில், யாவரும் காணும் சுவரில் பொறிக்கப்பட்டன. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அதைப் படித்துப் பொருள் கொள்ள முடிகிறது.

பின்வந்த திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனப்பாடமாகக் கற்பிக்கப்பட்டது. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, காணி என்றால் எண்பதில் ஒன்று, மா என்றால் இருபதில் ஒன்று என்று பிள்ளைகள் பாட்டாகவே சொல்லிப் பழகினர். நகரத்தார் மரபோ கணக்குத் தமிழின் கருவூலம். பேரேடு, ஐந்தொகை, வரவு, பற்று, கைமாற்று, நடப்பு வட்டி, தவணை, உண்டியல் முதலிய சொற்களைக் கொண்டே கடல் கடந்த வணிகத்தை அவர்கள் நடத்தினர். இரங்கூன் முதலிய ஊர்களில் கோயிலில் கூடி அம்மாத நடப்பு வட்டியை உறுதி செய்தனர். ஈடு, ஒற்றி, போக்கியம், பிணை ஆகிய சொற்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு பொறுப்பைக் குறிப்பன.

இவ்வளவு சொல்வளம் கொண்ட மொழியைப் பேசுவோர், இன்று கடன் பத்திரத்தை நீட்டினால் எங்கே கையெழுத்திட வேண்டும் என்று மட்டும் கேட்கின்றனர். பத்திரம் ஆங்கிலத்தில் இருக்கிறது, எழுத்து பொடியாக இருக்கிறது, வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுக்கிறார். 2019-இல் தேசிய நிதிக் கல்வி மையம் நடத்திய ஆய்வில், இந்தியாவில் நூற்றுக்கு 27 பேரே நிதியறிவு பெற்றோராகக் கணக்கிடப்பட்டனர்.

இரண்டும் பன்னிரண்டும்

அன்றாடப் பேச்சிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டில் ‘இரண்டு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்று பொருள். வங்கி அலுவலர் ‘பன்னிரண்டு சதவீதம்’ என்றால் நூறு ரூபாய்க்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு ரூபாய். முன்னதில் மாதம் என்ற சொல் மறைந்திருக்கிறது. பின்னதில் ஆண்டு என்ற சொல் மறைந்திருக்கிறது. கேட்பவர் காதில் இரண்டு சிறியது, பன்னிரண்டு பெரியது. உண்மையில் இரண்டு வட்டி ஆண்டுக்கு இருபத்து நான்கு. விடுபட்ட ஒரு சொல், செலவை இருமடங்காக்கி விடுகிறது.

இதனினும் கடியது தண்டல். இப்பேட்டையின் மீன் அங்காடியைப் போன்ற இடங்களில் விடியுமுன் கூடை எடுக்கும் சிறு வணிகருக்கு அன்றாட முதல் தேவை. தண்டல்காரர் பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, ஆயிரத்து ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு, எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் தருவார் என்று வைத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்கு நூறு ரூபாயாக நூறு நாளில் கட்டி முடிக்க வேண்டும். பெற்றவர் இதனை நூற்றுக்குப் பதினைந்து என்றே எண்ணுவார். கணக்கு வேறு விதமாக இருக்கிறது. முதல் நாளிலிருந்தே கடன் குறைந்துகொண்டு வருவதால், நூறு நாளும் அவர் கையில் சராசரியாக நிற்பது ஏறத்தாழப் பெற்ற தொகையில் பாதியே. காலமும் ஓராண்டன்று, மூன்று மாதத்திற்குச் சற்று மேல். நாள்தோறும் குறையும் பாக்கியைக் கொண்டு முறையாகக் கணக்கிட்டால் வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ நூற்றிருபது ஆகிறது.

கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் கடன் பெறுபவருக்குத் தாம் தருவது பதினைந்தா நூற்றிருபதா என்று தெரியாதவரை அவர் புகார் கூறப் போவதில்லை. தண்டல்காரரைத் தக்க நேரத்தில் உதவிய நல்லவர் என்றே கருதுவார்.

மற்றொன்று பிணை. நண்பர் கடன் வாங்கும்போது ‘சும்மா ஒரு கையெழுத்துப் போடுங்கள்’ என்பார். சாட்சிக் கையெழுத்து என்று எண்ணி இடுபவர் பலர். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, வேறுவகை உடன்பாடு இல்லாதபோது, பிணையாளியின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். நண்பர் கட்டாவிட்டால் இவர் கட்ட வேண்டும். சாட்சி, பிணை என்னும் இரு சொற்களின் வேறுபாடு தெரியாமையால் ஒரு குடும்பம் வீட்டையே இழக்க நேரலாம்.

நான்கு கால் ஒன்று

அர்பத்நாட் நிகழ்ச்சியோடு மக்கள் பாடம் கற்றுக்கொண்டனரா? 1990-களில் தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் அடுத்தடுத்து வீழ்ந்தபோது, வைப்பாளர் நலனைக் காக்க 1997-இல் தனிச்சட்டம் வேண்டியதாயிற்று. ஏமாற்றிய நிறுவனத்தின் சொத்தை முடக்கி, தனி நீதிமன்றம் வழியாக வைப்பாளருக்குப் பணம் கிடைக்கச் செய்வதே அதன் நோக்கம். அதற்குப் பின்னும், 2022-இல், ஆருத்ரா கோல்டு என்னும் சென்னை நிறுவனத்தின் மீது வழக்கு எழுந்தது. மாதந்தோறும் நூற்றுக்கு 25 முதல் 30 வரை தருவதாகக் கூறி, ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோரிடம் ஏறத்தாழ 2,438 கோடி ரூபாய் பெறப்பட்டது என்பது பொருளாதாரக் குற்றப் பிரிவின் கூற்று.

மாதம் நூற்றுக்கு 25 என்பது கால் பங்கு. நான்கு கால் ஒன்று என்பது திண்ணைப் பள்ளியின் இளம்பிள்ளையும் அறிந்த கணக்கு. அவ்வட்டியை அனைவருக்கும் உண்மையாகவே கொடுத்தால் நான்கு மாதத்தில் முதல் முழுவதும் தீர்ந்துவிடும். ஐந்தாம் மாதம் கொடுப்பதற்கு, ஒன்று உலகில் எவரும் அறியாத வணிகம் நடக்க வேண்டும், அல்லது புதிதாக வருபவரின் முதலை எடுத்துப் பழையவருக்கு வட்டியாகக் கொடுக்க வேண்டும். வாய்பாட்டை மறந்தமையாலன்று, அதனைப் பயன்படுத்த வேண்டிய இடம் இதுவென்று தோன்றாமையாலேயே மக்கள் ஏமாந்தனர்.

பழைமையான பெயரும் தனித்த காவலாகாது. 1872-இல் தோன்றிய மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்ட், ஒன்றரை நூற்றாண்டு கடந்த நிதி. அதில் வைத்த பணம் திரும்பக் கிடைக்கவில்லை என்ற புகார்களின் பேரில் 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநர் கைது செய்யப்பட்டார். குற்றம் உண்டா இல்லையா என்பதை உரைப்பது நீதிமன்றத்தின் கடன். வைப்பாளர் அறிய வேண்டிய செய்தி வேறு. நிதி என்பது உறுப்பினர்களிடையே கொடுக்கல் வாங்கல் செய்யும் கம்பெனி. அது வங்கியன்று. வங்கி வைப்புக்கு உள்ள காப்பீடு அதற்கு இல்லை. அக்காப்பீடு 1962 முதல் நடைமுறையில் உள்ளது. 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு, முதலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரை அது பொறுப்பேற்கிறது. வங்கி, நிதி, சீட்டு, தனியார் கம்பெனி ஆகிய நான்கையும் பேச்சுவழக்கில் ‘பணம் போடும் இடம்’ என்று ஒரே பெயரால் வழங்குவதில்தான் இடர் ஒளிந்திருக்கிறது.

வழிகாட்டிய முயற்சிகள்

நம்பிக்கையூட்டும் வரலாறும் அண்மையிலேயே உண்டு. அடுத்துள்ள திருவல்லிக்கேணியில் 1904-இல் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதன் தொடக்கத்தில் பங்கு கொண்டவர்களுள் பள்ளித் தலைமையாசிரியராக விளங்கிய சீனிவாச சாஸ்திரியாரும் ஒருவர். ஆசிரியரும் அலுவலரும் கூடி, அரிசி பருப்பின் விலையையும் எடையையும் தாமே கணக்கிடத் துணிந்தமையால் அச்சங்கம் வளர்ந்தது.

1978-இல் ஜெயா அருணாசலம் அம்மையார் சென்னையில் உழைக்கும் மகளிர் மன்றத்தைத் தொடங்கினார். கூடைக்காரப் பெண்களும் சிறுகடைக்காரப் பெண்களும் அக்கம்பக்கத்துக் குழுக்களாகக் கூடினர். ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பேற்றனர். 1981-இல் அவர்களுக்கெனத் தனிக் கூட்டுறவு அமைப்பும் உருவாயிற்று. பள்ளி செல்லாத பெண்கள் கடன் கணக்கைப் புரிந்து நடத்த முடிந்ததற்குக் காரணம், அக்கணக்கு அவர்கள் தெருவில், அவர்கள் பேச்சில், அவர்களை ஒத்த பெண்களால் சொல்லப்பட்டமையே.

இலக்கிய வட்டத்தின் கடன்

இப்பொழுது ஒரு வாயில் திறந்திருக்கிறது. ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் விடுத்த சுற்றறிக்கையின்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் தனிநபர்க்கு வழங்கும் புதிய சில்லறைக் கடன்கள் முதலியவற்றுக்கு முதன்மை விவர அறிக்கை ஒன்று தரப்பட வேண்டும். வட்டியும் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு வீதம் அதில் இருத்தல் வேண்டும். அது கடன் பெறுவோருக்குப் புரியும் மொழியில் அமைதல் வேண்டும் என்பதும் விதி.

புரியும் மொழி என்பதைச் சட்டம் கேட்கலாம். அதனை ஆக்கித் தருவது சட்டத்தால் இயலாது. ஆங்கிலத்தில் ஏ.பி.ஆர். எனச் சுருக்கி வழங்குவதை ‘வருடாந்திர சதவீத விகிதம்’ என்று மொழிபெயர்த்தால் எழுத்து தமிழாகிறது, பொருள் இருளிலேயே நிற்கிறது. ‘எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு வட்டி’ என்றால் மீன் விற்கும் அம்மாவுக்கும் விளங்கும். இது கவிஞர் செய்ய வேண்டிய வேலை. குறைந்த சொல்லில் பொருள் சிதையாமல் கூறும் பயிற்சி அவர்களிடமே உள்ளது.

ஆகவே வட்டத்தின் பதினோராம் ஆண்டுக்கு மூன்று பணிகளை முன்வைக்கலாம். முதலாவது, மாதக் கூட்டத்தின் முடிவில் அரைமணி நேரம் ஒதுக்கி, பேட்டை மக்கள் கொண்டுவரும் வங்கிப் படிவத்தையோ கடன் தாளையோ உரக்கப் படித்துப் பொருள் சொல்லுதல். முதலீடு பற்றிய அறிவுரை கூறுவது வட்டத்தின் வேலையன்று. எழுதியிருப்பதை எழுதியவாறே விளக்கினால் போதும். இரண்டாவது, நூறு பணச்சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கத்தோடு சிறு நூலாக வெளியிடுதல். வட்டி என்ற சொல்லை மாதம் அல்லது ஆண்டு என்ற சொல்லின்றி வழங்கலாகாது என்பது அந்நூலின் முதல் விதியாகட்டும். மூன்றாவது, பெருவட்டி தருவதாகக் கூறும் துண்டறிக்கை தெருவில் வந்தால், அந்நிறுவனம் யாரிடம் பதிவு பெற்றது என்று கேட்கக் கற்பித்தல். இத்தகைய நிறுவனங்களைப் பற்றி விசாரிக்கவும் புகார் செய்யவும் ரிசர்வ் வங்கி 2016-இல் சச்சேத் என்னும் இணையத்தளத்தை ஏற்படுத்தியது. அதனைத் திறந்து காட்ட ஒரு கைபேசியும் பொறுமையுள்ள ஒருவரும் இருந்தால் போதும்.

முதல், வீதம், காலம், பொறுப்பு ஆகிய நான்கையும் தஞ்சைக் கல்வெட்டை எழுதியவர் விடாமல் எழுதினார். அந்நான்கையும் கேட்காமல் கையெழுத்திடுவதில்லை என்ற பழக்கம் இப்பேட்டையில் நூறு வீடுகளில் வேரூன்றினாலும், பத்தாண்டுத் தமிழ்ப்பணியின் பயன் அவ்வீடுகளின் அடுப்பங்கரை வரை சென்று சேரும். கவிதை கேட்க வராத அம்மா ஒருவர், கடன் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வட்டத்தின் வாயிலில் தயங்கி நிற்கும் நாள் வரட்டும். அவரை உள்ளே அழைத்து அமரச் செய்து, அத்தாளைப் படித்துக் காட்டும் குரல் ஒரு கவிஞரின் குரலாக இருக்கட்டும்.